விரல் அறிந்த வானொலி

1960களில் ஹட்டன், நுவரெலியா டவுன் கடைகளில் விற்ற ட்ரான்சிஸ்டர் வானொலியில் கைக்கு வேலை வைக்கும் பாகங்கள் நான்கோ ஐந்தோதான். சத்தத்துக்கு ஒரு குமிழ். அதைத் திருகத் தொடங்கும்போதே 'டக்' என்று ஒரு தட்டு விரலில் படும். பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது என்று பொருள். நிலையம் தேட இன்னொரு குமிழ். மத்திய அலையா சிற்றலையா என்று மாற்றப் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுகட்டை. பின்னால் பெட்டரி மூடி. உள்ளே சுருள்கம்பி இருக்கிற பக்கம் பெட்டரியின் தட்டையான அடிப்பாகம் போகவேண்டும். இத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். முகப்பில் அலைவரிசை எண்கள் பொடியாக அச்சாகியிருந்தன. நல்ல பார்வை உள்ளவர்கள்கூட அவற்றைப் படித்து நிலையம் பிடித்ததில்லை, காதால்தான் பிடித்தார்கள்.

பார்வை குன்றியவர்களை மனத்தில் வைத்து அந்தப் பெட்டியை யாரும் செய்யவில்லை. ஆனாலும் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கண் மங்கிப்போன ஒருவர் யாரையும் கூப்பிடாமல் தானே இயக்கக்கூடிய இயந்திரமாக அது அமைந்துவிட்டது. பின்னால் வந்த கெசட், எம்பி3 பெட்டி, தொடுதிரை போன் ஒவ்வொன்றும் அந்த வசதியில் கொஞ்சம் கூட்டின, கொஞ்சம் பறித்தன. மலையக வரலாற்றில் சம்பளமும் குடியுரிமையும் பெரிய அத்தியாயங்கள்; அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அவற்றின் ஓரத்தில் இந்தச் சிறு பெட்டிகளின் கதையும் கிடக்கிறது. எடுத்துச் சொல்லத் தகுந்த கதை அது.

கேட்பது மலையகத்தில் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கி 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் மலையகம் நினைவுகூர்ந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து தோட்டத்தின் ஒவ்வொரு நாளும் சத்தத்தால்தான் நடந்தது. விடியுமுன் தப்புப் பறை அடித்தால் எழும்ப வேண்டும். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். தேயிலை ஸ்டோர் சங்கு நேரம் சொல்லும். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆகிய கூத்துகள் ஏட்டைப் பார்த்து ஆடப்பட்டவை அல்ல, நினைவிலிருந்து வந்தவை. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளர் உரிமையைப் பேசினார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அச்சுக்கு வரும்வரை தொழிலாளிகளின் வாயிலும் காதிலும்தான் வாழ்ந்தன. எழுத்து எட்டாத இடத்தில் செய்தியும் பாட்டும் காதால்தான் பரவின. ஆகவே கண் தெரியாதவர் அந்தச் சமூகத்தின் பேச்சிலிருந்து வெளியே தள்ளப்படவில்லை.

வேலையிலிருந்துதான் தள்ளப்பட்டார். கொழுந்து எடுப்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற காரியம். இரண்டு இலையும் ஒரு குருத்தும் எங்கே என்று விரல் கிள்ளுவதற்குள் கண் பார்த்துவிட வேண்டும். செங்குத்தான மலையில் வடிகான் எங்கே, கல் எங்கே என்று பார்த்துக் காலை வைக்க வேண்டும். பார்வை மங்கினால் முதலில் மலைக்குப் போவது நிற்கும். பிறகு செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் நிற்கும். அதன்பின் நாள் முழுவதும் காம்பரா என்கிற அறைக்கும் இஸ்தோப்பு என்கிற திண்ணைக்கும் இடையில்தான். 10 அடிக்கு 12 அடி காம்பரா, புகைபோக்கி இல்லாத விறகடுப்பு, மதியத்திலும் இருட்டு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. மிச்ச நேரத்துக்குத் துணை எது?

2014-15இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், இலங்கையில் 40 வயதைத் தாண்டியவர்களில் 1.7 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள் என்றும், சுமார் 17 சதவீதம் பேருக்குப் பார்வைக் குறைவு இருக்கிறது என்றும் தெரியவந்தது. பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம். சத்திரசிகிச்சையால் தீரக்கூடிய குறை அது. மலையில் இருப்பவர் அந்தச் சிகிச்சைக்கு ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்து, பஸ் பிடித்து, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு இறங்க வேண்டும். தள்ளிப்போட்ட வருஷங்களில் அவருக்கு உலகம் காதுவழியாகத்தான் வந்தது.

படிப்பு வழியும் தூரத்தில் இருந்தது. கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலையை மேரி சாப்மன் என்ற ஆங்கில மிஷனரிப் பெண்மணி 1912இல் தொடங்கினார். யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் முறை 1951இல் ஒழுங்குக்கு வந்தது. பிள்ளைப் பருவத்திலேயே அனுப்பிவைக்க வழியிருந்த குடும்பத்துக்கு இவை உதவின. 50 வயதில் கண் மங்கிய, அச்செழுத்தையே படித்துப் பழகாத ஒரு கொழுந்துக்காரிக்குப் புள்ளியெழுத்தால் என்ன பயன்? அவர் கையில் வைக்க வேண்டியது பேசுகிற பெட்டி ஒன்றைத்தான்.

பிரிட்டன் இதை வெகு சீக்கிரம் புரிந்துகொண்டது. வானொலி வைத்திருக்க உரிமக் கட்டணம் இருந்த காலத்தில், 1926இல் பார்வையற்றவர்களுக்கு அந்தக் கட்டணத்தை நீக்கி அங்கே சட்டமே வந்தது. அவர்களுக்கு வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுக்க ஒரு நிதியம் தோன்றி, 1929 கிறிஸ்துமஸ் அன்று வின்ஸ்டன் சர்ச்சில் அதற்காக வானொலியிலேயே நன்கொடை கேட்டார். 1935இல் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டு வடிவில் வெளிவந்தன. முதல் தட்டுகளில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஜோசப் கான்ராடின் கதையும் இருந்தன. அந்தப் பிரிட்டன் தினமும் குடித்த தேநீரின் கொழுந்தைக் கிள்ளிய கைகளுக்கு இவற்றில் ஒன்றும் வந்து சேரவில்லை.

வானொலி இலங்கைக்குத் தாமதமாக வந்தது என்று சொல்ல முடியாது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது, 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. ஆனால் வால்வு வானொலி மின்சாரத்தையோ கனத்த பெட்டரிகளையோ கேட்டது. தொரை பங்களாவிலும் கிளப்பிலும் உத்தியோகத்தர் வீடுகளிலும் அது பாடியது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் கம்பி இல்லாமல், சில டோர்ச் பெட்டரியில் ஓடவேண்டும். 1954இல் அமெரிக்காவில் முதல் ட்ரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியப் பெட்டிகள் உலகச் சந்தையை நிறைத்தன. மின்சாரம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வானொலி லயத்துக்கு வந்தது அப்படித்தான்.

கண் தெரியாத ஒருவர் அதில் நிலையம் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். குமிழைக் கடைசிவரை ஒரு பக்கம் திருகிவிடுவார். அங்கிருந்து மெதுவாகத் திரும்பி வருவார். முதலில் ஒரு இரைச்சல், பிறகு புரியாத ஒரு மொழி, ஒரு சீழ்க்கை, அதைத் தாண்டினால் கொழும்புத் தமிழ். அந்த அக்கம்பக்கத்துச் சத்தங்கள்தான் அவருக்கு வழிகாட்டிப் பலகை. குரல் தேய்ந்தால் குமிழைத் தொடமாட்டார், பெட்டியையே திருப்புவார். மத்திய அலைக்கான ஃபெரைட் கம்பி உள்ளே படுக்கைவாட்டில் கிடப்பதால் பெட்டி எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துச் சத்தம் கூடும், குறையும். மலைச்சரிவு மறைக்கிற லயத்தில் யன்னலோரமா, வாசல் நிலையா, எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் வைத்தால் தெளிவாகக் கேட்கும் என்பது வீட்டில் இருக்கிறவருக்கே தெரியும். வேலைக்குப் போய் வந்தவர்கள் அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

கேட்கவும் நிறைய இருந்தது. மயில்வாகனனின் குரல், கே.எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பு என்று அறிவிப்பாளர்களைக் குரலாலேயே இனங்கண்ட தலைமுறை அது. காலையில் பொங்கும் பூம்புனல், பின்னர் நேயர் விருப்பம், வானொலி நாடகங்கள், மரண அறிவித்தல். கடலுக்கு அப்பாலிருந்து திருச்சி வானொலியும் எட்டும். படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கித் தரும் ஒலிச்சித்திரம் வந்தால் அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்களும் வந்து உட்காருவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் படம் பார்த்தவர், பார்க்காதவர், பார்க்க முடியாதவர் என்ற வேற்றுமையே கிடையாது. குறைபாடுள்ளவருக்கென்று தனியாக ஒன்றைச் செய்து கொடுப்பது நல்லதுதான். எல்லோருக்கும் வருகிற ஒன்றிலேயே அவருக்கும் முழுப் பங்கு கிடைப்பது அதைவிட மேலானது. வானொலி அதைத்தான் கொடுத்தது.

பெட்டரிச் செலவுதான் இடித்தது. சம்பள நாள் வரைக்கும் ஓட்ட வேண்டும். தளர்ந்த பெட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால் இன்னும் கொஞ்சம் பாடும். செய்திக்கும் ஒரு நாடகத்துக்கும் மட்டும் திறந்து மூடுகிற வீடுகளில் அந்த ரேஷன், பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவருக்குத்தான் கடினமாகப் பட்டிருக்கும்.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. ரேடியோ கெசட் கடைகளில் குவிந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் கொண்டுவந்தார்கள். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கெசட், தொட்டறிகிறவருக்கு அருமையான பொருள். பெட்டியின் பொத்தான்கள் வரிசையாக, அழுத்தினால் கீழே இறங்கி நிற்கும். எது அமுங்கியிருக்கிறது என்று தடவினால் போதும், என்ன நடக்கிறது என்று தெரியும். பதிவை அழிக்கக்கூடாது என்றால் கெசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுவார்கள். அந்தப் பள்ளத்தில் விரல் பட்டால் அது வைத்துக்கொள்ள வேண்டிய கெசட். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திய இடத்திலேயே நாடா நிற்கும். நாளைக்கு எடுத்துப் போட்டாலும் அதே சொல்லிலிருந்து தொடரும். உலகின் பேசும் புத்தக நூலகங்கள் பலவும் கெசட்டுக்கு மாறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மலையில் கருவி இருந்தது. ஆனால் கடையில் கிடைத்த கெசட்டுகள் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, பட வசனம். ஒரு சிறுகதைத் தொகுதி, ஒரு பாடப்புத்தகம், உரிமைகளைச் சொல்லும் ஒரு கையேடு கடைத்தட்டில் பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. பெட்டி வீட்டில் தயாராக இருந்த காலத்தில், அதற்கு உள்ளே வைக்க வேண்டியதை நினைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நினைக்கவில்லை. இந்தக் கதையில் மிகவும் வருத்தப்பட வேண்டிய இடம் இதுதான்.

1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தது. நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் 2,524 மீற்றர் உயரப் பீதுருதலாகல மலையில் அதற்குக் கோபுரம் எழுந்தது. மின்சாரம் இல்லாத லயங்களிலும் கார் பெட்டரியில் தொலைக்காட்சி ஓடியது. கூடியிருந்து கேட்ட குடும்பம் கூடியிருந்து பார்க்கத் தொடங்கியது. என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் பார்வை குன்றியவருக்குப் புரியும் நிலை திரும்பி வந்தது.

இதே நுவரெலியா மாவட்டத்தில், தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே, நேர் எதிரான ஒரு முயற்சியும் நடந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் கடைசியில் யுனெஸ்கோ உதவியுடன் இணையத்தைக் கையில் எடுத்தது. கேட்பவர்கள் தங்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். நிலையத்தில் இருப்பவர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததை ஒலிபரப்பிலேயே எடுத்துச் சொல்வார்கள். கணினி வாங்க முடியாத கிராமத்துக்காக வகுத்த ஏற்பாடு அது. திரையைப் பார்க்க முடியாதவருக்கும் அதே ஏற்பாடு பொருந்தியது. பெரும்பாலும் சிங்களத்தில் இயங்கிய நிலையம். அதே அளவு தமிழிலும் அது நடந்திருந்தால் சுற்றியுள்ள லயங்களுக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

1998இல் சூரியன், சக்தி என்ற தனியார் தமிழ் எஃப்எம் நிலையங்கள் வந்தபோது வானொலிக்கு மறுபடி இளமை திரும்பியது. சற்று நாளில் டிஜிட்டல் யுகமும் வந்தது. 2001இல் வெளியான முதல் ஐபாடில் 2 அங்குலத் திரை, அதில் சாம்பல் நிறத்தில் பட்டியல். சக்கரத்தைச் சுற்றினால் எழுத்து நகரும். சக்கரத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆயிரம் பாட்டு உள்ளே இருந்தும் எதில் நிற்கிறோம் என்று பார்க்காமல் அறிய முடியாது. பாட்டுக் கேட்கும் கருவிக்குக் கண் கட்டாயமானது அங்கேதான். ராக்பாக்ஸ் என்ற திறந்த மென்பொருளை எழுதிய ஆர்வலர்கள் சில எம்பி3 கருவிகளின் பட்டியலைப் பேச வைத்தார்கள். 2007இல் ஹியூமன்வேர் நிறுவனம் பார்வையற்றோருக்கென்றே விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. போனில் இருப்பதுபோல் எண் பொத்தான்கள், 5இன் மேல் ஒரு புள்ளி. 2008 செப்டம்பரில், அமெரிக்கப் பார்வையற்றோர் சம்மேளனமும் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் கேட்டதன் பேரில், ஐடியூன்ஸைப் பார்வையற்றோர் பயன்படுத்தும்படி செய்ய ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2009 மார்ச்சில் வந்த திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள், பாட்டின் பெயரை 14 மொழிகளில் சொன்னது. செக் இருந்தது, கிரேக்கம் இருந்தது, தமிழ் இல்லை.

லயத்துக்கு வந்தவை வேறு. யூஎஸ்பியும் மெமரி கார்டும் செருகக்கூடிய, கைக்கு அடங்கும் சீன ஸ்பீக்கர் பெட்டி ஒன்று. அதன் முகப்பில் பாட்டு எண் சிவப்பாக, பெரிதாக எரியும். இருட்டுக் காம்பராவில் கண் மங்கியவர் முகத்தருகே கொண்டுபோனால் அதைப் படித்துவிடலாம். அதைப் படிக்க முடியாதவருக்கும் 'அடுத்தது', 'முந்தியது' என்று இரண்டு மேடான பொத்தான்கள் உண்டு. இன்னொன்று எஃப்எம் வானொலி உள்ள பொத்தான் போன். 2005இல் வந்த நோக்கியா 1110, 1600 போன்கள் நேரத்தைப் பேசிச் சொல்லின. மலிவுக்காகச் செய்த பொருள்கள்தான். விலை உயர்ந்த ஐபாடை விடப் பார்வை குன்றியவர்களின் விரலுக்கு இசைந்துபோனவை இவைதான்.

பிறகு எல்லாம் ஒரே கண்ணாடிக்குள் போயின. தொடுதிரையில் தடவினால் வழுவழுப்புத்தான். பொத்தான் எங்கே என்று விரலுக்கு எந்தத் தடயமும் இல்லை. விரல் தவறிப் பட்டாலே ஏதோ ஒன்று திறந்துவிடும். அந்த இடரைத் தீர்க்கும் வழியும் உடனேயே பிறந்தது: 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர், அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் டாக்பேக். விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். தமிழ்க் குரல் முதலில் ஈஸ்பீக்கின் இயந்திர உச்சரிப்பாக இருந்தது. சென்னை ஐஐடி, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வாலும் பெரிய நிறுவனங்களின் வரவாலும் பின்னர் மனிதக் குரலுக்கு நெருங்கி வந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தது. பாட்டின் பெயரை வாயால் சொன்னால் பாட்டு வரும் காலம் இது. கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிற அம்மாவுக்கு, திரையின் வலது அடிமூலையில் பெருவிரலை அமுக்கிப் பிடித்துப் பேச வேண்டும் என்பது பழகிவிட்டது.

டாக்பேக் மட்டும் இன்னும் பலருக்குத் தெரியாது. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில், சத்தம் கூட்டிக் குறைக்கும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து மூன்று வினாடி அமுக்கிப் பிடித்தால் அது எழும்பும். அந்தக் குறுக்குவழியை யாராவது ஒருமுறை அமைத்துக் கொடுத்திருக்க வேண்டும். போன் விற்கிற கடைக்காரர், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர், கண் கிளினிக்கில் இருக்கும் தாதி, இவர்களில் ஒருவர் ஐந்து நிமிடம் செலவழித்தால் முடியும் வேலை. அந்த ஐந்து நிமிடத்தை யாருடைய கடமையாகவும் யாரும் எழுதி வைக்கவில்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றது. பார்வையற்றோருக்காக நூல்களை ஒலிவடிவில் ஆக்க, அதற்கென அமைந்த நிறுவனங்களை உரிமையாளரின் அனுமதி இல்லாமலேயே அனுமதிக்கும் மராகேஷ் உடன்படிக்கையிலும் அதே ஆண்டு சேர்ந்தது. அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவக்கூடிய டெய்சி ஒலிநூல் முறையை ஆசிய நாடுகளுக்குக் கொண்டுசெல்ல ஜப்பானின் நிப்பொன் அறக்கட்டளை உதவியது. இலங்கையில் டெய்சி லங்கா நிறுவனம் உருவானது.

இனி மலையகத்தின் சொந்த எழுத்து மலையகக் காதுகளுக்கு வரவேண்டும். சி.வி. வேலுப்பிள்ளையும், 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பும் எழுதியது யாரைப் பற்றியோ, அவர்களில் வயதான பலருக்கு அந்தப் பக்கங்கள் எட்டவில்லை. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு பாடசாலையின் உயர்தர மாணவர்கள், தோட்டத்துப் பேச்சு நாவில் இருக்கும்போதே, உரிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து இவற்றை வாசித்துப் பதிவுசெய்யலாம். சாதாரணப் போன் போதும். மலிவு விலை ஸ்பீக்கர் பெட்டிகள் பலவற்றில் நிறுத்திய இடம் நினைவில் நிற்காது. ஆகவே ஒரு கோப்பு ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் கதையின் பெயரையும் எத்தனையாம் பகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கோப்பு பொருளடக்கமாக இருக்க வேண்டும்.